மண் காத்ததும் மனை காத்ததும்

காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் இன்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆறு அங்கே அகன்று பாய்வதில்லை. கொள்ளிடம், வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எனக் கிளைத்துக் கிளைத்துச் சோழநாட்டு வயல்களுக்கெல்லாம் தன்னை ஈந்தபின், எஞ்சிய மெல்லிய ஓடையாகவே காவிரி அங்குக் கடலை அடைகிறது. மீன்பிடி படகுகளும் மணல்மேடும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த அவ்வூர்தான் பூம்புகார். சங்க நூல்களும் இரட்டைக் காப்பியங்களும் புகார் என்றும் காவிரிப்பூம்பட்டினம் என்றும் பாடிய சோழர் பெருந்துறைமுகம் அதுவே. நெடுங்காலம் தஞ்சை மாவட்டத்திலும், பின்னர் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் இருந்த அவ்வூர், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்ததாக உள்ளது.

பூம்புகாருக்கு வருவோர் முதலில் காண்பது 1973இல் தமிழக அரசு எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை. எழுநிலை மாடமாக உயர்ந்த அக்கட்டடத்தில் கோவலன் கண்ணகி வரலாறு 49 சிற்பக் காட்சிகளாகச் செதுக்கப்பட்டுள்ளது. அதன் அளவும் அழகும் கண்ணைக் கவர்வன. ஆயினும் அவ்வூரில் வேறொரு கூடமும் உண்டு. மாநிலத் தொல்லியல் துறை 1990களின் பிற்பகுதியில் அமைத்த சிறிய அகழ்வைப்பகம் அது. கலைக்கூடம் காப்பியத்தைக் கல்லில் மீண்டும் சொல்கிறது. அகழ்வைப்பகமோ, அந்த மண்ணிலும் அந்தக் கடலிலும் கிடைத்த பொருள்களை அந்த ஊரிலேயே வைத்துப் போற்றுகிறது. ஓர் ஊரின் வரலாற்றை எவ்வாறு காப்பது என்னும் கேள்விக்கு, இவ்விரண்டனுள் சிறியதே பெரிய விடையைத் தருகிறது.

மண் தந்த சான்றுகள்

புகார் என்பது புலவர் கற்பனையில் பிறந்த நகரோ என ஐயுற்றவர்கள் ஒரு காலத்தில் இருந்தனர். அந்த ஐயத்தை நீக்கியது மண்வெட்டி. இந்தியத் தொல்லியல் துறை 1963 முதல் 1973 வரை இப்பகுதியில் அகழாய்வு நடத்தியது. கே. வி. சௌந்தரராசன் எழுதிய அதன் அறிக்கை பின்னாளில் நூலாக வெளிவந்தது.

கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைக் கட்டுவதற்கு நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதிகள் ஈரமண்ணில் அழியாமல் நின்றிருந்தன. மரத்தின் காலக்கணிப்பைக் கொண்டு, அத்துறை கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என ஆய்வாளர் கருதினர். வாணகிரியில் செங்கற்சுவர் கொண்ட நீர்த்தேக்கத்தின் பகுதி கிடைத்தது. பல்லவனீச்சரத்தில் வரிசையான சிற்றறைகளை உடைய பௌத்த விகாரமும், சுண்ணக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும், சிறிய வெண்கலப் புத்தர் உருவமும் கிடைத்தன. கறுப்பு சிவப்புப் பானையோடுகள், உருளை வரிகள் இட்ட வட்டில்கள், மணிகள், காசுகள் எனப் பல பொருள்கள் வாணிகத்தின் தடங்களைக் காட்டின. பின்னர்த் தேசியக் கடலியல் நிறுவனம் கடலுள்ளும் தேடியது. அலை வந்து மீளும் கரையோரத்தில் உறைகிணறுகள் தென்பட்டன. ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஈயப் பாளங்கள் எடுக்கப்பட்டன.

இப்பொருள்களுள் எதுவும் பொன்னோ வைரமோ அன்று. உறைகிணற்றின் ஒரு வளையத்தைத் தனியே எடுத்து வெளிநகர் ஒன்றின் பெரிய காட்சிச்சாலையில் வைத்தால், அது வெறும் சுட்ட மண்தான். கடற்கரையில் நின்று, இன்று அலை புரளும் இவ்விடத்தில் ஒரு காலத்தில் நன்னீர்க் கிணறு இருந்தது, மக்கள் நீர் முகந்து குடித்தனர் என அறியும்போதுதான் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பது விளங்கும். கீழையூர்த் தூணும் அவ்வாறே. இன்றைய வயலுக்கு நடுவே படகு கட்டும் தூண் நிற்கிறது என்றால், ஆறு அங்கே ஓடியது என்பது பொருள். பொருளுக்கு மொழி தருவது அது கிடைத்த இடம். சிற்றூர்க் காட்சிச்சாலையின் தனிச்சிறப்பு இதுவே.

சொல்லில் மட்டும் வாழும் பள்ளி

தமிழ்ச் சமணர்க்குப் புகார் வேறொரு வகையிலும் உறவுடைய ஊர். சிலப்பதிகாரம் அந்நகரின் கோட்டங்களை எண்ணிச் சொல்லும்போது நிக்கந்தக் கோட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறது. கோவலனும் கண்ணகியும் விடியுமுன் நகரை நீங்கும் வழியில், அசோக மரத்தின் நிழலில் உலக நோன்பிகளாகிய சாவகர் அமைத்த கல்மேடையை வலங்கொண்டு செல்கின்றனர். சாரணர் வந்து அறம் உரைக்கும் இடம் அது. பின்னர்க் காவிரிக் கரை வழியே மேற்கு நோக்கி ஒரு காவதம் நடந்து கவுந்தியடிகளின் பள்ளியை அடைகின்றனர். காப்பியத்தில் கண்ணகிக்குத் தாய்போல் துணைநின்றவர் அந்தச் சமணத் துறவியே.

ஆயினும் பௌத்த விகாரம் அகழாய்வில் வெளிப்பட்டதுபோல, இக்காப்பியம் கூறும் நிக்கந்தக் கோட்டமோ, கல்மேடையோ, கவுந்திப் பள்ளியோ மண்ணில் அடையாளம் காணப்படவில்லை. அகழ்ந்தது பழநகரின் மிகச் சிறு பகுதியே. கடல் கொண்டது ஒரு பகுதி. ஆறு திசைமாறி அழித்தது ஒரு பகுதி. வீடும் வயலும் மூடியிருப்பது ஒரு பகுதி. அன்றியும் துறவியர் பள்ளி மண்சுவரும் கூரையுமாக இருந்திருப்பின், நூற்றாண்டுகளைக் கடந்து நிற்க அதற்கு வலிமையும் இராது. ஆகவே பௌத்தத்திற்கு அவ்வூரில் மண்ணும் சொல்லும் சான்றாக நிற்க, சமணத்திற்குச் சொல் மட்டுமே சான்றாக நிற்கிறது.

பிற்காலச் சோழர் காலத்திலும் இதே நிலையைக் காணலாம். ஆடுதுறையை அடுத்த மருத்துவக்குடிச் சிவன் கோயிலின் கல்வெட்டு ஒன்று, சனநாதபுரத்தில் இருந்த சேதிகுலமாணிக்கப் பெரும்பள்ளி, கங்கருளசுந்தரப் பெரும்பள்ளி என்னும் இரு சமணப் பள்ளிகளைக் குறிப்பிடுகிறது. பள்ளிகளின் பெயர்கள் எவ்வளவு பெருமிதம் வாய்ந்தவை! ஆயினும் அவற்றை நினைவில் வைத்திருப்பது வேறொரு சமயத்தாரின் கோயிற்சுவர். அச்சுவரும் இடிந்திருக்குமாயின் அப்பெயர்கள்கூட எஞ்சியிரா.

ஊரை விட்டுப் பிரிந்த திருமேனிகள்

பொருள் கிடைத்தும் ஊர் அதனை இழந்த கதையும் இதே கடற்கரையில் உண்டு. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்படும் நிலத்திற்குச் சோழர் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் வழங்கும் பெயர் பள்ளிச்சந்தம் என்பது. அந்த அறத்தைப் பதிவு செய்த 21 செப்பேடுகள் கடல் கடந்து நெதர்லாந்தின் லெய்டன் நகரை அடைந்தமையால், வரலாற்று நூல்களில் அவை லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. ஆனைமங்கலம் என்னும் சோழநாட்டு ஊரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அயல்நாட்டு நகரின் பெயர் அமர்ந்துவிட்டது.

நாகப்பட்டினத்தில் பழைய கோபுரம் ஒன்றும் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றிருந்தது. 1867இல் அதனை இடிக்க அரசு இசைவு அளித்தது. 1856 முதல் 1930கள் வரை அவ்வூர் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் பல சென்னை அருங்காட்சியகத்தில் நன்கு போற்றப்படுகின்றன. ஏனையவை பற்பல இடங்களுக்குப் பிரிந்தன. உருவங்கள் அழியவில்லை என்பது ஆறுதலே. ஆயினும் அவற்றை வழிபட்டவர்களின் வழிமரபு அவ்வூரில் இல்லை. எந்தத் திருமேனி எந்த நாளில் உலாப் போந்தது, யார் நேர்ந்து செய்தது, எந்தப் பாட்டைப் பாடி வழிபட்டனர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பொருள் உண்டு, அதனை அறிந்த வாய் இல்லை.

மனையில் வாழ்ந்த காப்பியம்

இதற்கு நேர்மாறான காட்சியொன்று கும்பகோணத்தில் நிகழ்ந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையரிடம், அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். சிற்றிலக்கியங்களிலும் சைவ நூல்களிலும் ஆழ்ந்திருந்த ஐயருக்கு அவ்வினா புதிய வாயிலைத் திறந்தது. ஏட்டுச்சுவடியும் நச்சினார்க்கினியர் உரையும் கையில் இருந்தும், சமண சமயத்திற்கே உரிய சொற்களும் மரபுகளும் வருமிடங்களில் பொருள் பிடிபடவில்லை.

அந்நகரில் வாழ்ந்த சமணக் குடும்பங்களை ஐயர் தேடிச் சென்றார். அப்பாசாமி நயினார் இல்லத்தை அடைந்தபோது, கோலமும் தோரணமுமாக மனை விழாக்கோலம் பூண்டிருந்தது. யாது விழா என வினவியபோது, பல மாதங்களாக நடைபெற்ற சிந்தாமணிப் படனம் நிறைவெய்தியது என்னும் விடை கிடைத்தது. தமிழ் உலகம் பெரும்பாலும் மறந்திருந்த காப்பியம், அந்த இல்லத்தில் திருவிழாவாக வாழ்ந்துகொண்டிருந்தது. அங்குச் சந்திரநாத செட்டியார் முதலானோர் சொல்லச் சொல்ல, ஐயரின் ஐயங்கள் ஒவ்வொன்றாக நீங்கின. 1887இல் திருத்தக்கதேவரின் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. ஐயரின் பெரும்பதிப்புப் பணிக்கு அதுவே தொடக்கம்.

இங்கு எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஏட்டுச்சுவடி பிற மதத்தார் இல்லங்களிலும் மடங்களிலும்கூட இருந்தது. சமண மனைகளில் மட்டும் ஏட்டோடு அதன் பொருளும் இருந்தது. காரணம், அங்கே ஏடு பெட்டியில் உறங்கவில்லை, ஓதப்பட்டது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் நூலைப் படியெடுத்து வழங்குதலும் ஒன்றாக இருந்தமையால், ஏடு பழுதாகுமுன் புதிய படி பிறந்தது. சுருத பஞ்சமி நாளில் சுவடிகளை வெளியே எடுத்துத் தூசு துடைத்துப் புதுத்துணியில் பொதிந்து வழிபடும் வழக்கமோ, ஆண்டுதோறும் தவறாது நிகழும் பராமரிப்பாக அமைந்தது. இன்றைய காட்சிச்சாலைகள் முறை வகுத்துச் செய்யும் பணியைச் சமண மனைகள் நோன்பாகவே செய்துவந்தன. அதே காவிரிக் கரையில், பழுதுற்ற ஏடுகளைப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது என்பதை நினைத்தால், அந்நோன்பின் அருமை இன்னும் தெளிவாகும்.

பின்னாளில், ஐயரின் உத்தமதானபுரத்து இல்லம் நினைவகமாக்கப்பட்டது. ஓர் ஊர் தன் மகனைத் தன் மண்ணிலேயே நினைவுகூர்வதற்கு அது நல்ல சான்று. சிந்தாமணி படிக்கப்பெற்ற கும்பகோணத்து மனைகளுக்கு அத்தகைய அடையாளம் தேவை என்பதும் நினைக்கத்தக்கதே.

இன்னும் மண்ணின்மேல் இருப்பவை

புகாரின் பள்ளி மறைந்தது. சனநாதபுரத்துப் பள்ளிகள் மறைந்தன. ஆயின் சோழநாட்டில் சமணம் முழுதும் மண்ணுக்குள் போய்விடவில்லை. தஞ்சைக் கரந்தையில் ஆதீசுவரர் திருக்கோயிலும், கும்பகோணத்தில் சந்திரப்பிரபர் திருக்கோயிலும், மன்னார்குடியில் மல்லிநாதர் திருக்கோயிலும் வழிபாட்டுடன் விளங்குகின்றன. திருவாரூர் மாவட்டத்து வயல்களுக்கு நடுவே தீபங்குடி என்னும் சிற்றூரில் ஆதிநாதர், தீபநாயகர் என்னும் திருப்பெயருடன் எழுந்தருளியுள்ளார். கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார் பிறந்த ஊர் தீபங்குடி என்பது வழிவழிச் செய்தி. அவ்வூரின் சிறப்பைப் பாடும் தீபங்குடிப் பத்து என்னும் சிறு நூலும் அவர் பெயரால் வழங்குகிறது.

இவ்வூர்களில் ஜினாலயமே ஊரின் காட்சிச்சாலை. மூலவரும் செப்புத் திருமேனிகளும் மட்டுமல்ல, பித்தளைத் தூக்குவிளக்கின் அடியில் பொறித்த கொடையாளர் பெயரும், வாயிற்படியில் தேய்ந்த எழுத்தும், வாகனத்தின் பழைய மரவேலையும், நெல் அளந்த மரக்காலும், கோயில் நிலத்தின் கணக்கேடும் வரலாறே. இவற்றினும் அரிதானது, அவற்றை அறிந்த முதியோரின் நினைவு. இந்தத் திருமேனி எந்த ஊரிலிருந்து எடுத்துவரப்பட்டது, இந்த நந்தாவிளக்கை வைத்தவர் எந்தக் குடும்பத்தார், இந்தத் தோத்திரம் எந்தப் பண்ணில் பாடப்படும் என்பவற்றை எழுத்தில் வைத்தவர் அரியர்.

ஆற்றுப்பாசன நாட்டின் சிற்றூர்க் குடும்பங்கள் படிப்பும் பணியும் நாடிச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் அதற்கு அப்பாலும் சென்றமை குறையன்று. ஆயினும் ஊரில் எஞ்சும் வீடுகள் சிலவே ஆகும்போது, அந்த நினைவு ஒரு தலைமுறையில் அறுந்துபோகக்கூடும். நாகப்பட்டினத் திருமேனிகளுக்கு நேர்ந்த ஊமைநிலை, ஊரிலேயே இருக்கும் திருமேனிகளுக்கும் நேரலாம்.

சமணர் குடியிருப்பு நீங்கிய ஊர்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. டெல்டாவின் வயல்வரப்பிலும் குளக்கரையிலும் தனித்த திருமேனிகள் அவ்வப்போது வெளிப்படுகின்றன. ஊரார் அவற்றைப் புத்தர் என்றோ முனிவர் என்றோ வேறு பெயராலோ அழைத்து, எண்ணெய் சாத்தி வழிபடுவதும் உண்டு. முக்குடையும், ஆடையற்ற திருமேனியும், இருபுறமும் சாமரம் வீசுவோரும் தீர்த்தங்கரரைக் காட்டும் அடையாளங்கள். முடிமேல் சுடரும் தோளைச் சுற்றிய ஆடையும் புத்தரைக் காட்டுவன. இவ்வேறுபாட்டை அறிந்த ஒருவர் அவ்வழியே சென்றால், ஓர் ஊரின் மறந்துபோன பக்கம் மீண்டும் திறக்கும்.

ஓர் அறை போதும்

ஊர்க் காட்சிச்சாலைக்குப் பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. திருக்கோயிலை ஒட்டிய ஓர் அறையும், பூட்டுடைய ஒரு நிலைப்பேழையும், ஒரு தடித்த பதிவேடும் போதும். பதிவேட்டில் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதன் அளவும் எடையும். பல கோணங்களில் எடுத்த ஒளிப்படம். எழுத்து இருப்பின் அதன் படி. எங்கே, எப்போது, யாரிடமிருந்து வந்தது என்னும் செய்தி. அச்செய்தியைச் சொன்னவர் பெயர், சொன்ன நாள் ஆகியவை இடம்பெற வேண்டும். வழிபாட்டில் உள்ள திருமேனியை அறைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. அது கருவறையிலேயே இருக்க, அதன் வரலாறு பதிவேட்டில் இருந்தால் போதும். திருட்டு நேரும்போது திருமேனி தம்முடையதே என்று நிறுவ உதவுவதும் அத்தகைய ஒளிப்படமும் அளவுமே.

சட்டமும் இதனை வேண்டுகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் முதலியவற்றையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகளையும் தொல்பொருளாகக் கொள்கிறது. மண்ணைத் தோண்டும்போது வெளிப்படும் பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதிக்கிறது. இவற்றை அறிந்து நடப்பது பொருளுக்கும் பாதுகாப்பு, அதனைக் கண்டெடுத்தவர்க்கும் பாதுகாப்பு.

ஓலைச்சுவடி உள்ள இல்லத்தார், ஏட்டைத் தாமே பிரிக்க முற்படாமல், ஒட்டிய ஓலைகளை வல்லுநரிடம் காட்டுவது நன்று. தைலப்புல் எண்ணெய் தடவுவதும், மங்கிய எழுத்துக்கு மையாடுவதும், வசம்பும் வேம்பும் இட்டுப் பூச்சியைத் தடுப்பதும் முன்னோர் அறிந்த முறைகளே. ஒருமுறை மின்படி எடுத்துவிட்டால், ஏட்டை அடிக்கடி தொட வேண்டிய தேவையும் குறையும். ஏடு மனையிலேயே இருக்கலாம். அதன் படி பலர்க்கும் பயன்படலாம். சாத்திரதானம் என்பதற்கு இக்காலத்தில் இதனினும் பொருந்திய வடிவம் வேறில்லை.

திருவிழாவிற்கு வெளியூர்களிலிருந்து குடும்பங்கள் ஊர் திரும்பும் நாளே இப்பணியைத் தொடங்க ஏற்ற நாள். அன்று முதியோரைத் திண்ணையில் அமரச் செய்து, பழைய ஒளிப்படங்களையும் கோயிற் பொருள்களையும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டால், இளையோர் ஒருவர் எழுதிக்கொள்ளலாம். கும்பகோணத்தில் ஐயர் செய்ததும் இதுவே. அறிந்தவரிடம் சென்று கேட்டார், கேட்டதைக் குறித்துக்கொண்டார். அவர் கேட்க வந்த நாளில் விடை சொல்ல ஆள் இருந்தது. கவுந்தியடிகளின் பள்ளி எங்கே இருந்தது என்று இன்று பூம்புகாரில் கேட்பவர்க்கு, விடை சொல்ல ஒருவரும் இல்லை.